வெள்ளைக் கோடு போட்ட சாக்கு

இந்த வருடக் கோடை விடுமுறைக்குச் சகலை வீட்டுக்குப் போவதில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்தார். மனைவியிடம் சொல்லவில்லை. அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் மனைவியின் காதுக்குப் போகாத வரைக்கும்தான் உயிரோடு இருந்திருக்கின்றன.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவார். வேலை நேரத்தில் யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். அது அவருக்கு மிகவும் பிடிக்கும்.

சகலை கெட்டவர் இல்லை. மனைவியுடைய அக்காவின் கணவர், தங்கமான மனிதர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அதுதான் சிக்கல். யார் எதைச் செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தராவிட்டால் அவருக்கு உடம்புக்கு ஆகாது. கண்ணாடிக்காரர் சாப்பிட உட்கார்ந்தால், "அவசரமில்ல சகலை. நல்லா மெல்லுங்க... இன்னும் கொஞ்சம்... ம், இப்ப விழுங்குங்க" என்பார். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "முதல்ல கால்ல ஊத்துங்க, அப்புறம் தலைக்குப் போங்க" என்பார். போன வருடம் பத்து நாள் அங்கே இருந்துவிட்டு வந்த கண்ணாடிக்காரர், வீட்டில் வாயில் ஊற்றிய தண்ணீரை விழுங்காமல் உத்தரவுக்காகக் காத்திருந்ததை மனைவியே பார்த்திருக்கிறாள்.

காய்ச்சல் என்று ஒரு வருடம் சொல்லிப் பார்த்தார். மாத்திரையோடு கூட்டிப் போனாள். கடையில் லீவு தரவில்லை என்று இன்னொரு வருடம் சொன்னார். முதலாளிக்குப் போன் போட்டு அவளே லீவு வாங்கிக்கொடுத்தாள். இனி நகர்த்த முடியாத சாக்கு ஒன்று வேண்டும். யோசித்து யோசித்துக் கடைசியில் கொல்லைப்புறத்தில் குளம் வெட்டினார்.

குளம் என்றால் சாப்பாட்டு மேசை அகலம். கறுப்பு ஷீட் விரித்து, சுற்றிலும் ஒரு படி விட்டு, அந்தப் படியில் தண்ணீருக்குள் கால் நனைத்தபடி நிற்கிற மாதிரி செடிக் கூடைகளை வைத்தார். எல்லாம் கரையோரச் செடிகள். வெள்ளைக் கோடு போட்ட குடைக்கோரை, ஓரத்தில் வெண்ணெய் தடவின மாதிரி இருக்கும் வசம்பு, பாதி பச்சை பாதி மஞ்சளாக ஓர் ஐரிஸ்.

நர்சரி அம்மா விற்கும்போதே எச்சரித்திருந்தாள். "கோடு போட்ட செடியில எப்பவாவது வெறும் பச்சைக் குருத்து ஒண்ணு கிளம்பும். அதுக்குத் தெம்பு ஜாஸ்தி. விட்டா கோடுகளையெல்லாம் அமுக்கிட்டுச் செடியே பச்சையாயிடும். பார்த்தா அடியோட வெட்டிடுங்க."

'எப்பவாவது' என்ற சொல்லைக் கண்ணாடிக்காரர் நர்சரியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"தினமும் பார்க்கணும்மா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு நாள் அசந்தோம்னா அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா?"

"பச்சையாயிடும்."

"செடி பச்சையா இருந்தா என்னங்க?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "உனக்குச் சொன்னாப் புரியாது" என்றார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் குளத்தோரம் குந்தினார். கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து இலை இலையாகப் பார்த்தார். செடிகள் ஒத்துழைக்கவில்லை. பச்சைக் குருத்து ஒன்றுகூட வரவில்லை. கோடெல்லாம் அச்சடித்த மாதிரி அப்படியே இருந்தது. மற்றவர்கள் வந்துவிடுமோ என்று கவலைப்படுகிற ஒன்று வரவில்லையே என்று அவர் இளைத்துப் போனார்.

ஒரு நாள் வந்தது. குடைக்கோரையின் நடுவில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு சுத்தப் பச்சை.

"ஏம்மா! ஓடி வா! வந்துடுச்சு!"

அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "யாரு?"

"பச்சை!"

குருத்தைக் காட்டினார். அடியோடு வெட்டினார். உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "பார்த்தியா? நாம மட்டும் ஊர்ல இல்லாம இருந்திருந்தா?"

மனைவி குருத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் பார்சல் ஆபீஸில் வேலை செய்கிறவள். பெட்டியைத் தூக்கிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

"அப்ப நீங்க அக்கா வீட்டுக்கு வர முடியாதுன்னு சொல்லுங்க."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? சகலையைப் பார்த்து ஒரு வருஷம் ஆச்சு. ஆனா இதுங்களை யார்கிட்ட விடுறது?"

"பக்கத்து வீட்டு டீச்சர்?"

"அவங்க கண்ணாடியைப் பொருத்தினதே நான்தான். அந்தப் பவர்ல பச்சையும் தெரியாது, வெள்ளையும் தெரியாது."

"சரிங்க. அப்ப நான் மட்டும் போயிட்டு வர்றேன்."

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. கண்ணாடிக்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பத்து நாள். இஷ்டப்பட்ட வேகத்தில் மென்று இஷ்டப்பட்ட நேரத்தில் விழுங்கலாம்.

அதற்குப் பிறகு மனைவிக்கே குளத்தின் மேல் ஓர் அக்கறை வந்தது. சாயங்காலம் அவர் குந்தும்போது அவளும் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஏங்க, இதுங்க தரையில வேர் விட்டிருக்கா, இல்ல கூடையோடவே இருக்கா?"

"கூடையோடதான். அப்படியே அலாக்காத் தூக்கலாம். மேல கூழாங்கல் போட்டிருக்கேன் பார், மண்ணு கரையாம இருக்க."

"தண்ணியை விட்டு வெளியில எடுத்தா வாடிடுமா?"

"சேச்சே. ஈரத்துணியில சுத்தி வாளியில நிறுத்திட்டா ஒரு நாள் முழுக்கத் தாங்கும்."

"அடேங்கப்பா. எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க! இலை மடங்கிடாதா?"

"நீளமான இலையை மட்டும் தளர்வா ஒரு கட்டுக் கட்டணும்" என்று சொல்லி, கட்டியும் காட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து தான் பேசியதை அவள் இவ்வளவு ஆர்வமாகக் கேட்டதே இல்லை என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இவளைத் தனியாக அனுப்புகிறோமே என்று ஒரு நிமிடம் வருத்தப்படக்கூடச் செய்தார்.

கிளம்புகிற நாள் வந்தது. கண்ணாடிக்காரர் நிம்மதியாகத் தூங்கி, வெயில் வந்த பிறகு எழுந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். குளத்தில் தண்ணீர் இருந்தது. வானம் தெரிந்தது. எட்டிப் பார்த்தால் அவர் முகமும் தெரிந்தது. செடி ஒன்றுகூட இல்லை.

"ஏம்மா! திருட்டுப் போயிடுச்சு!"

வாசலிலிருந்து குரல் வந்தது. "அதெல்லாம் ஏத்தியாச்சுங்க. சட்டையை மாட்டிட்டு வாங்க."

வாசலில் சகலையின் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. பின் சீட்டில் வாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஈரத்துணி சுற்றியிருந்தது. நீள இலைகள் தளர்வாகக் கட்டப்பட்டிருந்தன. குடைக்கோரைக்கு சீட் பெல்ட் வேறு. வாளிகளுக்கு நடுவில் மனைவி.

"நீங்க செடியை விட்டுட்டு வர மாட்டீங்க. உங்களைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. அதான் மாமாகிட்டச் சொன்னேன். அங்க ஒரு குளமே வெட்டிட்டாரு."

"உங்களுதைவிட ரெண்டு மடங்கு சகலை" என்றார் சகலை, கண்கள் மின்ன. "வாங்க, முன்னாடி உக்காருங்க. கதவை முழுசா இழுத்து... ம், இப்ப சாத்துங்க."

கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார். வேறு சீட் காலியில்லை. அது வாத்தியார் உட்காருகிற சீட். ஆபத்து நேரத்தில் மிதிக்க அங்கேயும் ஒரு பிரேக் இருந்தது. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதன் மேலேயே லேசாக வைத்துக்கொண்டார். கார் தெருவைத் தாண்டியது. பத்து நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"திரும்பி வரும்போது செடியெல்லாம் இதே மாதிரி எடுத்துட்டு வந்துடலாம் இல்லம்மா?"

"எதுக்குங்க? பாவம், அதுங்களைப் போட்டு அலைக்கழிக்கணுமா? அங்கேயே இருக்கட்டும். மாடி ரூமை உங்களுக்குன்னே ஒழிச்சு வச்சிருக்கா அக்கா. இனிமே மாசா மாசம் நீங்க ஒரு வாரம் போய்ப் பச்சையைப் பார்த்து வெட்டிட்டு வாங்க. முதலாளிகிட்டயும் பேசிட்டேன்."

கார் கிறீச்சென்று நடுத்தெருவில் நின்றது. வாளித் தண்ணீர் தளும்பியது. பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே போனார்.

சகலை கொஞ்சமும் கோபப்படவில்லை. "பதறாதீங்க சகலை. மூச்சை இழுங்க... விடுங்க... ம், இப்ப மெதுவா பிரேக்லேருந்து காலை எடுங்க."