ரங்கூன் கப்பலில் பறிபோன சீக்கு

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை

தென்னேரியில் வாழும் மாமனார் ராமலிங்க முதலியார் அவர்கள் சமூகத்துக்கு, மூத்த மருமகன் குமாரசாமி தலைதாழ்ந்து தெரிவித்துக்கொள்வது. இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். தாங்களும் அத்தையும் ஏரிக்காற்றில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி என் வயிற்றெரிச்சலைக் கேட்டருள வேண்டும்.

ஆடி மாதத்தில் எனக்கு விஷஜுரம் கண்டது தாங்கள் அறிந்ததே. அது சாமானிய ஜுரமல்ல, டாக்டரே கையை விரித்த ஜுரம். தலைமயிர் கொட்டிப்போய், கால் இரண்டும் கஞ்சிப்பசை போடாத பாவு நூல் மாதிரி துவண்டு கிடந்தேன். தெருவில் என்னை வந்து பார்க்காதவர் இல்லை. பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்காரர்கூட ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அப்படி ஊரறிந்த நோயாளியாக நான் இருந்தபோதுதான் ரங்கூன் வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்கு நம் கடைச் சேலைகளைக் கொண்டுபோக வேண்டி வந்தது. டாக்டரும், "வேலைக்கு வேலையும் ஆச்சு, கடல் காத்தும் ஆச்சு. கப்பல்ல சும்மா சாஞ்சிக்கினு போய் வாங்க, உடம்பு தேறிடும்" என்றார். துணைக்குத் தாங்கள் இளைய மாப்பிள்ளை திருஞானசம்பந்தத்தை அனுப்பினீர்கள். என் சகலை என்னைப் பார்த்துக்கொள்வதற்காக வந்தான் என்பதைத் தயவுசெய்து மனதில் இருத்திக்கொண்டு மேலே படிக்கவும்.

சென்னப்பட்டணத்தில் கப்பல் ஏறியதும் மேல்தட்டில் எனக்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டான், சால்வை போர்த்தினான். அதுவரையில் குற்றமில்லை. பக்கத்தில் லில்லி என்கிற நர்ஸம்மா, ரங்கூன் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போகிறவள், செங்கல்பட்டுக்காரி, "உடம்புக்கு இன்னாங்க ஐயா?" என்று பரிவாகக் கேட்டாள். நானும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். ஜுரம் கண்ட இரண்டாம் நாள் வரைக்கும்தான் வந்திருப்பேன். கரை மறைந்தது; சம்பந்தம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் குனிந்து வாந்தியெடுத்தான். அவ்வளவுதான் மாமா, என் கதை அங்கேயே நின்றது. "ஐயோ பாவம்! ஐயா, கொஞ்சம் எழுந்திருங்க" என்றாள். என் நாற்காலியில் அவனைப் படுக்கவைத்து, என் சால்வையை அவனுக்குப் போர்த்தினாள். நான் இரண்டு தரம் இருமிப் பார்த்தேன். "நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. போய் எலுமிச்சம்பழம் வாங்கியாங்க" என்று என்னையே விரட்டினாள்.

அது முதல் கப்பல் முழுவதும் அவன் பேச்சுதான். கப்பல் டாக்டர் அவனுக்கு மட்டும் பிஸ்கோத்து கொடுத்தார். துரைசானி ஒருத்தி தன் வாசனைத் தண்ணீரை அவன் நெற்றியில் தடவினாள். சாவின் வாசல்வரை போய்வந்த என் நெற்றியில் ஈகூட உட்காரவில்லை. கேப்டன் துரை ஒருநாள் அந்தப் பக்கம் வந்து, அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, என்னைக் காட்டி, "இவன் உன் வேலைக்காரனா?" என்று கேட்டார். சம்பந்தம் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினான். கப்பல் ஆட்டத்தில் தலை ஆடிற்று என்று பிற்பாடு சொல்கிறான். நான் நம்பவில்லை.

ரங்கூனிலாவது நியாயம் கிடைக்கும் என்று பார்த்தால், கரையேறியும் தலைசுற்றல் தீராத அவனை வியாபாரியின் தாயார் கட்டிலில் படுக்கவைத்து மிளகுரசம் வைத்துக் கொடுத்தாள். பத்தியக்காரனாகிய நான் சேலை மூட்டையைச் சுமந்து மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி, முந்தியை விரித்துக் காட்டி, சரிகையை உரசிக் காட்டி, ஒரு சேலை மிச்சமில்லாமல் விற்றேன். அந்த அலைச்சலில் கொலைப்பசி எடுத்தது. சாப்பிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. திரும்பிவந்து வண்டியை விட்டு இறங்கியதும் தங்கள் குமாரத்தி பொன்னியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாங்க இது, மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு வந்து நிக்கிறீங்க!" என்றாள். அதற்குள் சம்பந்தத்தை இருவர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். "ஐயோ, என் தங்கச்சி புருஷனுக்கு இன்னா ஆச்சு?" என்று ஓடினவள்தான், இன்றுவரை மனதளவில் திரும்பவில்லை. எனக்கென்று காய்ச்சிய பார்லிக் கஞ்சி அவன் வீட்டுக்குப் போகிறது. எதிர்வீட்டுக்காரர் ஆரஞ்சுப் பழத்தோடு என் வாசலைத் தாண்டி அவன் வாசலுக்குப் போகிறார். தாங்களும் போன வாரக் கடிதத்தில், "சம்பந்தம் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டிருந்தீர்கள். என்னைப் பற்றி, "சேலைகள் விற்றது சந்தோஷம்" என்று ஒரு வரி.

நான் இன்னும் நோயாளிதான், மாமா. மாலையில் கால் வலிக்கிறது. ஆகையால் ஒன்று கேட்கிறேன். இனி அவனோடு ஒரே கடையில் உட்கார என்னால் ஆகாது. அவனுக்குத் தனிக்கடை வைத்துக் கொடுங்கள், அல்லது என்னைத் தனியே விட்டுவிடுங்கள். இருவரில் யார் வேண்டும் என்று தாங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். அங்குள்ள குழந்தைகளை ஏகாம்பரநாதர் அருளால் நோய்நொடி அண்டாதிருக்கட்டும். அண்டினாலும் அது அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் ஆதரவை நாடும்
குமாரசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் சம்பந்தம் வந்தான். அவன் மனைவி மங்கை தென்னேரியிலிருந்து இன்று காலை கொண்டுவந்த செய்தியைச் சொன்னான். "அண்ணா, தை மாசம் மறுபடி ரங்கூன் போகணுமாம். உங்களுக்கு உடம்பு இன்னும் தேறலைன்னு மாமா ரொம்பக் கவலைப்படறாராம். உங்களை அலைய விடக்கூடாதுன்னு, கணக்குப்பிள்ளை முனுசாமியை எங்கூட அனுப்பறாராம்" என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க இல்லாம நான் எப்படிண்ணா போவேன்?" என்றான். மாமா, முனுசாமிக்கு என்ன தெரியும்? குமட்டல் வருவதற்கு முன்னால் சம்பந்தம் இடது காதைத் தடவுவான், உடனே அவன் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆளுக்குத் தெரியுமா? அந்தத் தலையை முனுசாமி பிடிப்பதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மேலே எழுதியதையெல்லாம் ஜுரவேகத்தில் எழுதியதாகக் கொள்ளவும். முனுசாமி கடையிலேயே இருக்கட்டும். எனக்கு எந்தச் சீக்கும் கிடையாது. இரண்டு டிக்கெட்டு எடுக்கச் சொல்லுங்கள்.