மச்சானுடைய கிட்னியும் என்னுடைய இருதயமும்

ஸ்பிரிங்வெளி,
பதுளை.
12.08.2003

மரியாதைக்குரிய மைத்துனர் றிச்சர்ட் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் உங்கள் அக்கா இருதயம்மா சுகம். ஆறு வருடங்களுக்கு முன் நீங்கள் மனமுவந்து எனக்குத் தந்த கிட்னி பரம சுகம். அதைச் சுமந்துகொண்டு திரியும் நானும் ஏதோ இருக்கிறேன். கொஸ்லந்தையில் நீங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

விஷயம் இதுதான். கோயில் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று போன மாதக் கிளினிக்கில் சொன்னேன். டாக்டர் செல்வரத்தினம் நெஞ்சில் பசை தடவி எக்கோ படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கிட்னி திறமா வேலை செய்யுது. ஆனா உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்கத் தாற மருந்து இருக்கெல்லோ, அது இவ்வளவு வருசமாப் பிரஷரைக் கூட்டி, இருதயத்தின்ர சுவர் தடிச்சுப்போச்சு. மருந்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாப்பம்" என்றார். "கொறைச்சா கிட்னிக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்றேன். "அந்தப் பயமும் இருக்குத்தான்" என்றார். ஆக, விருந்தாளி கொழுகொழுவென்று இருக்கிறார், வீடுதான் ஆட்டம் காண்கிறது. "ஐயா, கிட்னிக்குச் சொந்தக்காரரு கொஸ்லந்தையில கங்காணியா இருக்காருங்க. அவர ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க?" என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். பாவம், நம் குடும்ப நிலவரம் அவருக்குத் தெரியாது.

மலையில் கொழுந்து எடுப்பவர்களை மேய்ப்பது போதாதென்று நீங்கள் மாதாமாதம் பஸ் ஏறி வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே "எப்படி இருக்கு?" என்பீர்கள், "இருக்கேன்" என்று நான் சொன்னால் "ஒங்கள கேக்கல மச்சான், கிட்னிய கேட்டேன்" என்பீர்கள், பிறகு என் மாத்திரைகளை மேசையில் வரிசையாக நிறுத்தி, காலையில் தோட்டத்தில் ஆள் எண்ணுவதுபோல் பெரட்டு எடுப்பீர்கள். பதுளை பஸ் ஸ்டாண்டில் நான் கருவாடு வாங்கியதைக் கண்டக்டர் பலீல் உங்களிடம் போட்டுக்கொடுக்க, மறுநாளே நம் தோட்டத்துக் கடைக்குப் போன் எடுத்து என்னைக் கூப்பிடச் சொல்லி, "என் கிட்னிக்கு உப்பு ஆகாதுன்னு தெரியாதா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டீர்கள். ஆபரேஷன் நடந்த நாளில் வருடம் தவறாமல் நன்றிப் பூசை வைக்கிறீர்கள். சாமியார் கிட்னிக்காக மன்றாடிவிட்டு என்னை மறந்துவிடுகிறார். அதற்குப் பிறந்தநாள் கேக் வேறு வெட்டி, எனக்குச் சீனி கூடாதென்று லயத்தாருக்குப் பங்கிட்டுவிடுகிறீர்கள்.

இருதயம் கெட்டுவிட்டதாம் என்று செய்தி பரவியதும் லயமே சுகம் விசாரிக்க வந்துவிட்டது. அந்த மருந்து நோய் எதிர்ப்புச் சக்தியையும் குறைப்பதால் கூட்டத்தில் இருக்காதே என்பது டாக்டர் கட்டளை. பக்கத்துக் காம்பரா இராக்கம்மா குடிக்க ஒரு நெஸ்டமோல்ட் மாப்பெட்டியும் கூடவே ஒரு தடிமன் சளியும் கொண்டுவந்து, "எதிர்ப்புச் சக்தியக் கொறைக்க மாத்திரையா? இது எந்த ஊரு வைத்தியம்?" என்று என் முகத்தருகே தும்மினார். நான் துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு நன்றி சொன்னேன்.

ஆகையால், என் சொந்த இருதயத்தின் பொருட்டுத் தங்கள் கிட்னியின் மருந்தைச் சற்றே குறைத்துக்கொள்ளத் தாங்கள் பெரிய மனது வைத்து உத்தரவு தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். உத்தரவு கிடைக்கும்வரை ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

தேவமாதா உங்கள் எல்லோரையும், உங்களிடம் மீதியிருக்கும் கிட்னியையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கிட்னியின் காவற்காரன்,
ஞானசீலன்

பி.கு.: மேலே சொன்ன உறுதியை நம்ப வேண்டாம். மருந்தை அன்றைக்கே குறைத்தாகிவிட்டது. நான் உன்னைக் கேட்க வேண்டும் என்று இழுத்துக்கொண்டிருந்தபோது கிளினிக்குக்குக் கூட வந்திருந்த உன் அக்கா குறுக்கே புகுந்து டாக்டரிடம், "கொறைச்சிருங்கய்யா. எந்தம்பி கிட்னிய குடுத்தது கிட்னி நல்லா இருக்கவா? இந்த மனுசன் இருக்கணும்னுதானே குடுத்தான்" என்று அழுதுவிட்டாள். டேய் றிச்சர்ட், முன்பெல்லாம் உன்னை வாடா போடா என்றுதான் பேசுவேன், ஆபரேஷனுக்குப் பிறகு வாய் தானாக 'நீங்கள்' என்று மாறிவிட்டது. இருதயம் நின்றுவிடும் என்ற பயத்தைவிட, நீ தந்ததைத் தொலைத்துவிட்டு உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற பயம்தான் எனக்குப் பெரிது. உத்தரவெல்லாம் வேண்டாம். அக்கா சொன்னது சரிதானா என்று மட்டும் எழுது.