பெரணிக்கு நான் பார்த்த வைத்தியம்

பெண் பார்க்கப் போகும் ஆணிடம் உலகம் எதிர்பார்ப்பது அதிகமில்லை: கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அதுகூட வரவில்லை.

அப்போது ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் எஞ்சினியராக இருந்தேன். (எஞ்சினியருக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிய காலம்.) ஷார்ஜாவில் இருந்த ஒரு நாகர்கோவில் குடும்பம் என்னை வரச் சொல்லியிருந்தது. பெண் ஷீபா, பள்ளியில் உயிரியல் டீச்சர்.

அவர்கள் ஹாலின் மூலையில் ஒரு பெரணிச் செடி. நிழலும் ஈரமும் கேட்கும் அந்தச் செடியை வளைகுடா வெயிலில் காப்பாற்றுவது கைக்குழந்தையை வளர்ப்பது மாதிரி. அதெல்லாம் எனக்கெதற்கு? பெண்ணின் அப்பா போன் பேச உள்ளே போன நேரம், ஓர் இலையைத் திருப்பினேன். அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். பூச்சி முட்டைதான், சந்தேகமே இல்லை. டிஷ்யூவை நனைத்து, ஓர் இலை விடாமல் அழுத்தித் துடைத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். மாப்பிள்ளை பொறுப்பானவர் என்று தெரிய வேண்டாமா?

ஷீபா டீயோடு வந்தாள்.

“என்ன செய்யுதிய?”

“செடி பூரா பூச்சி முட்டைங்க. க்ளீன் பண்ணிட்டேன். இனிமே நல்லா பூக்கும்.”

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

“பெரணி பூக்காது. அதுக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. நீங்க தொடச்சதுதான் ஸ்போர். அது ஈரத்துல விழுந்து முளைச்சாதான் அடுத்த தலைமுறை. கிளாஸ்ல பிள்ளைகளுக்குக் காட்ட எத்தன மாசமா காத்துட்டு இருந்தேன் தெரியுமா?”

“அப்போ பூச்சி?” என்றேன், இருந்த அறிவை வைத்துக்கொண்டு.

“இந்த வீட்டுல இப்போ ஒண்ணுதான் இருக்கு,” என்று என்னையே பார்த்தாள்.

திரும்பி வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சம்பந்தம் பேச வந்தவரு வம்சத்தயே தொடச்சுட்டாரே,” என்றார். ஷீபா குப்பைக்கூடையிலிருந்து டிஷ்யூக்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் டீ குடிக்காமல் கிளம்பினேன்.

சில வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஈரமண்ணில் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவில் பச்சை இலைகள். ‘டிஷ்யூவை உதறிப் போட்டேன், முளைச்சுட்டு. பெரணி முதல்ல இப்படித்தான் இருக்கும்,’ என்று எழுதியிருந்தாள். இதயத்தைப் பார்த்து நான் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டேன். (தாவரவியலில் அப்படி அர்த்தம் கிடையாதாம். கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள்.)

மாமனார் இந்தக் கதையை அமீரகம் முழுக்கச் சொல்லிவிட்டார். சொன்னவர்கள் வாயில் கதை தேய்ந்து, ‘பூச்சி மாப்பிள்ளை’ மட்டும் மிஞ்சியது. போன வாரம் புஜைராவிலிருந்து அவருடைய நண்பர் அழைத்தார்.

“தம்பி, நீங்க பூச்சி மருந்து அடிப்பீங்களாமே. ரூம்ல மூட்டப்பூச்சி தாங்கல.”

விளக்கிப் பார்த்தேன். முடியவில்லை. லீவு நாளில் போய் அடித்துவிட்டு வந்தேன்.