ராகு காலம் முழுக்க ரேம்பில் நின்ற வண்டி

நிறையப் படிக்கிறவனிடம் பொருள் வாங்கும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. வாங்க வேண்டிய பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வந்து நிற்பான். இதை நான் பிறர் அனுபவத்திலிருந்து சொல்லவில்லை.

என் மச்சான் செந்தில், அதாவது மனைவி கல்பனாவின் அண்ணன், பதினொரு வருடம் அமெரிக்காவில், லிவர்மோரில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தார். பொள்ளாச்சிக்காரர். கிரீன் கார்டு கைக்கு வந்த வாரம், வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு பொருள் வாங்கினார். எருமைக்கடா மாதிரி கறுப்பாக ஒரு மோட்டார் சைக்கிள். முந்நூற்றெழுபது கிலோ. (எங்கள் குடும்பம் மொத்தமும் தராசில் ஏறினாலும் அந்த எடை வராது. இந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள் கல்பனா.) அதைத் துடைக்கும் துணியைக்கூட வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பார்.

அப்புறம் ஹூஸ்டனில் வேலை கிடைத்தது. வீட்டுச் சாமான்களை லாரியில் அனுப்ப ஒப்புக்கொண்டவர், வண்டியை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். டிரெய்லரில் ஏற்றி, தன் காருக்குப் பின்னால் கட்டி, தானே இழுத்துப் போவதாகத் திட்டம்.

"ஏனுங் மாப்ள, நீங்கதான் எதையும் படிச்சுப் பார்த்து வாங்கற ஆளு. நல்ல டிரெய்லரா ஒண்ணு பாருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். வண்டி மேல ஒரு கீறல் விழுகக் கூடாது, அவ்வளவுதான்."

மூன்று வாரம் படித்தேன். இருபத்து மூன்று டிரெய்லர்களை எக்ஸெல்லில் ஏற்றினேன். அச்சின் வலிமைக்கு ஒரு பத்தி, டயருக்கு ஒரு பத்தி, துருப்பிடிக்காத பெயின்டுக்கு ஒன்று, பின்விளக்கின் பிரகாசத்துக்கு ஒன்று. வண்டியை மேலே ஏற்றுவது எப்படி என்பதற்கு மட்டும் பத்தி இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பேன் போல.

டிரேசி என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு டிரெய்லர் கடை. கடைக்காரர் நெஞ்சுவரை தாடி வைத்த அமெரிக்கர். வண்டியின் எடையை மட்டும் கேட்டார். நேரே போய் ஒரு டிரெய்லரின் கைப்பிடியைத் திருகினார். அதன் தளம் யானை மண்டியிடுகிற மாதிரி மெல்ல இறங்கித் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. வண்டியை அப்படியே உருட்டி உள்ளே விடு, கட்டு, தளத்தை மேலே தூக்கு, முடிந்தது. கனமான வண்டிக்கு இதுதான் சரி, ரேம்ப் என்கிற சாய்வுப் பலகை வைத்து ஏற்றுவதெல்லாம் வேண்டாத வேலை என்றார். சொல்லும்போது என் புஜங்களை ஒருமுறை பார்த்தார்.

ஆனால் நான் நம்மூர் ஜவுளிக் கடைகளில் வளர்ந்தவன். கடைக்காரர் தானாக எடுத்துக் காட்டும் சேலை, விற்காமல் கிடக்கும் சேலை. இந்த ஞானத்தை மூவாயிரம் காத தூரம் கடத்திக்கொண்டு வந்திருக்கிறேன். ஆகவே ஒரு மூலையில், இடுப்புயரத் தளமும் மடித்து விரிக்கும் ரேம்புமாக நின்ற ஒன்றைக் காட்டி, "அது வேண்டும்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தோல்வியை ஒப்புக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

புறப்படும் நாள் சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகு காலம். அதற்குள் லிவர்மோர் கோயில் பார்க்கிங்கில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிய கையோடு வண்டி நேரே டிரெய்லரில் ஏறி, அங்கிருந்தே ஹூஸ்டன் கிளம்ப வேண்டும். இது கல்பனா போட்ட திட்டம். என் எக்ஸெல்லைவிடக் கச்சிதமானது.

குருக்கள் வந்தார், கற்பூரம் காட்டினார், தேங்காய் உடைத்தார். ரேம்பின் அடியில் நின்ற வண்டியின் சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழங்களை வைத்தோம். செந்தில் இடதுபுறம், நான் வலதுபுறம். பழங்கள் நசுங்கின. முன்சக்கரம் கம்பீரமாக ரேம்பில் ஏறி, தளத்தையும் தொட்டுவிட்டது.

அப்போது 'கடக்' என்றது.

"என்னங் மாப்ள சத்தம்?"

"வயிறு தட்டுது மச்சான்."

"யாரு வயிறுங்?"

வண்டியின் வயிறுதான். ரேம்பும் தளமும் சேருகிற விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. முன்னால் தள்ளினால் அசையவில்லை. இறக்கிவிட்டு வேறு வழி பார்க்கலாம் என்றேன். மணி எட்டு ஐம்பத்தாறு.

"பழத்த நசுக்கி மேல ஏறுன வண்டிய, ராகு காலம் பொறக்கற நேரத்துல பின்னால இழுக்கறதா?" என்றாள் கல்பனா. "எங்கண்ணன் புது வேலைக்குப் போறாரு. போன வேகத்துல திரும்பி வர்றதுக்காங்க?"

குருக்களைக் கேட்டோம். அவர் அடுத்த காருக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். "சாஸ்திரத்துல மோட்டார் சைக்கிளைப் பத்தித் தனியா ஒண்ணும் சொல்லலை. ஆனா சந்தேகம்னு வந்துடுத்துன்னா, பத்தரை வரைக்கும் இருந்துடுங்கோளேன்."

வண்டியைக் கட்டி நிறுத்தலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கட்டுகிற பெல்ட்களை ஒரு பெட்டியில் போட்டு, 'முக்கியம்' என்று எழுதி, முதல் நாளே சாமான் லாரியில் ஏற்றியிருந்தேன். அவை அந்நேரம் அரிசோனாவில் இருந்தன. ஆகவே ஆளுக்கொரு பக்கம் நாங்களே பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்றரை மணி நேரம்.

போகிற வருகிற அங்கிள்கள் எல்லோரும் பொறியாளர்கள். ஒவ்வொருவரும் நின்று, ரேம்பின் கோணத்தைக் கண்ணால் அளந்து, "முன்னாடியே கால்குலேட் பண்ணியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போனார்கள். ஒரு மாமி இதுவும் ஏதோ உற்சவம் என்று நினைத்துச் சக்கரத்துக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். கல்பனா இருவருக்கும் மாறி மாறிப் புளியோதரை ஊட்டினாள். என் மகள் போனில் படம் எடுத்தபடி, "அப்பா, டோன்ட் மூவ். திஸ் ஈஸ் சோ குட்" என்றாள்.

பதினொரு வருடத்தில் நானும் செந்திலும் விசா, ஃப்ரீவே நெரிசல், பிள்ளைகளின் பள்ளி ஆகிய மூன்றைத் தவிர எதையும் பேசியதில்லை. அன்று நடுவில் வண்டியை வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டிய நிலை. பத்து மணி சுமாருக்கு அவர் சொன்னார்.

"எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாதுங் மாப்ள."

"ஹூஸ்டன்ல ஹில்கிராஃப்ட் தெருவுல நல்ல தோசை கிடைக்குமாம் மச்சான்." (ஆறுதல் சொல்வதில் எனக்கு இருக்கும் தேர்ச்சி அவ்வளவுதான்.)

"கெடைக்கும். யாருகூட உக்காந்து திங்கறதுங்?"

நான் குனிந்து பெட்ரோல் டேங்கைப் பார்த்துக்கொண்டேன். அதில் என் முகம் தெரிந்தது. பார்க்கும்படியாக இல்லை. புளியோதரை கண்ணில் காரம் ஏற்றிவிட்டது என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

பத்து முப்பத்தொன்றுக்கு, வண்டியைப் பின்னால் இறக்க நான்கு அங்கிள்கள் கைகொடுத்தார்கள். நான்கு பேரும் நான்கு விதமாக ஆணையிட்டார்கள். பின்சக்கரம் தரைக்கு வந்தபோது, அங்கே தேங்காய்த் தண்ணீரும் எலுமிச்சைத் தோலும் காத்திருந்தன. சக்கரம் வழுக்கி, வண்டி என் பக்கம் சாய்ந்தது. உயிரைக் கொடுத்தாவது தாங்க வேண்டிய அந்த நொடியில், நான் நகர்ந்துகொண்டேன். முந்நூற்றெழுபது கிலோவும் டிரெய்லரின் மட்கார்டில் போய்ச் சாய்ந்து நின்றது. டேங்கில் ஒரு குழி. சரியாக எலுமிச்சம்பழ அளவு.

செந்தில் கைக்குட்டையை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"கீறல் இல்லீங் மாப்ள," என்றார். "குழிதான்."

அன்று மத்தியானமே டிரெய்லரைத் திருப்பிக் கொடுக்கப் போனோம்; செந்தில் வண்டியை ஓட்டிக்கொண்டே வந்தார். தாடிக்காரர் டேங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அந்த யானை டிரெய்லரை மண்டியிட வைத்தார். செந்தில் தனி ஆளாக வண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் காலை ஹூஸ்டனுக்குக் கிளம்பிப் போயே விட்டார்.

ஆறு வருடம் ஆகிறது. அந்தக் குழியை அவர் இன்னும் சரிசெய்யவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் காரேஜுக்கு அழைத்துப் போய், விரலை வைத்துப் பார்க்கச் சொல்லி, கதையை முதலிலிருந்து சொல்கிறாராம். எங்கள் வீட்டிலும் நான் குக்கரோ டாக்டரோ எதைச் சிபாரிசு செய்தாலும், "வயிறு தட்டாதே?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

சனிக்கிழமை தவறாமல் எங்கள் ஊர் நேரம் ஒன்பதுக்குப் போன் அடிக்கும். "அங்க ராகு காலம் பொறந்தாச்சுங்களா மாப்ள?" என்று ஆரம்பித்தால் பத்தரை வரை ஓடும். விசாவைப் பற்றி இதுவரை பேசவில்லை.

போன மாதம் கல்பனா ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள். அந்தத் தாடிக்காரர் காட்டியதை வாங்கியிருந்தால் அண்ணன் ஒன்பது மணிக்கே போயிருப்பார். அவரைக் கொஞ்ச நேரமாவது பிடித்து வைக்கத்தான், தெரிந்தே அந்த ரேம்பை நான் வாங்கியிருக்க வேண்டும் என்றாள். என்னை ஒரு திட்டக்காரனாக அவள் மதித்தது அதுவே முதல்முறை. மறுக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை செந்திலிடம் அதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

"அத்தன வெவரம் இருந்திருந்தா," என்றார், "பெல்ட்ட ஏனுங் லாரில போட்டீங்க?"