அவுஸ்திரேலியச் செடிக்கு விருந்து வைத்த கதை

எங்கள் ஆட்களுக்குப் பாசத்தைக் காட்ட ஒரேயொரு வழிதான் தெரியும்: சாப்பாடு போடுவது. கோபித்துக்கொண்டு வந்தவருக்கும் சாப்பாடு, அழுதுகொண்டு வந்தவருக்கும் சாப்பாடு. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் தீவிரவாதி. மனிதரோடு நிறுத்திக்கொள்ளாமல் செடிகளையும் விடுவதில்லை.

கிரின்ஸ்டெட்டில் எங்கள் வரவேற்பறைக் கறிவேப்பிலை, டென்மார்க் குளிருக்குப் பெப்பே காட்டிவிட்டு என் தோளுயரத்துக்கு நின்றது. காரணம், மீன் கழுவிய தண்ணீர். அதனால் செடி வளர்ப்பில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (தலைக்கனம் வளர்ப்பதிலும் ஆளில்லை என்பது மனைவியின் கருத்து.)

அந்த நேரத்தில்தான் மகள் சாளினி, மெல்பனில் பிறந்து வளர்ந்த நிரோஷனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். பெடியன் தங்கமானவன். கலியாணத்துக்குப் பிறகு டென்மார்க்குக்கு வந்துவிடவும் தயார். தயங்கியது அவனுடைய அம்மாதான்.

"எனக்கு ஒரே பிள்ளை. அந்தக் குளிருக்கை எப்பிடி இருக்கப்போறான்?" என்று வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் கண் கலங்குவார்.

ஒருநாள் தன் வீட்டு முற்றத்தைக் காட்டினார். சிலந்திக் கால்கள் போன்ற சிவப்புப் பூக்களுடன் ஒரு செடி நின்றது. கிரெவில்லியா, அந்த மண்ணுக்கே உரியது என்றார்.

"உங்கடை ஊரிலை இதுகள் வளராது என்ன, அண்ணை?"

அவர் செடியைப் பற்றிக் கேட்கவில்லை, மகனைப் பற்றித்தான் கேட்கிறார் என்பது எனக்கு நன்றாக விளங்கியது. எதிரே இருந்த சாளினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் வளராது? கோடைக்கு வருவியள்தானே, வந்து பாருங்கோ" என்றேன்.

அடுத்த நாளே செடிக் கடைக்குக் காரை விட்டேன். ஒரு கிரெவில்லியா கிடைத்தது. "அதற்குப் பசளை போடாதீர்கள்" என்று கடைக்காரப் பெண் டேனிஷில் சொன்னாள். இந்த டேனிஷ்காரர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கே ஒரு கோப்பியும் பிஸ்கட்டும்தான் வைப்பார்கள். இவர்கள் பேச்சைக் கேட்டுச் செடியைப் பட்டினி போட முடியுமா?

வீட்டின் பின்பக்கக் கண்ணாடி அறையில் தொட்டியை வைத்து விருந்தை ஆரம்பித்தேன். முதலில் கோழி எரு. பிறகு மீன் கழுவிய தண்ணீர். கொஞ்ச நாளில் இலை நுனிகள் கருகின. பாவம், பசி என்று இரட்டிப்பாகக் கொடுத்தேன். இலைகள் கொட்டத் தொடங்கின. துறைமுக நகரான எஸ்பியர்க்குக்குப் போய் மீன் வாங்கி வந்து, தலைகளைத் தொட்டிக்குள் புதைத்தேன்.

"அப்பா, அதை அதன் பாட்டில் விடுங்கள்" என்று சாளினி டேனிஷில் கெஞ்சினாள். அவளுக்குக் கோபமோ பயமோ வந்தால் தமிழ் வராது.

"இஞ்சருங்கோ, அது சாகப்போகுது" என்றாள் மனைவி.

"உமக்கென்ன தெரியும்" என்றேன். ஆனாலும் இரவில் எழும்பிப் போய் மிச்ச இலைகளை எண்ணிப் பார்த்தேன்.

கோடையில் நிரோஷனும் அவனுடைய அம்மாவும் வந்து இறங்கிய அன்று செடியில் மிச்சமிருந்தது ஏழெட்டு இலைகள். அவற்றையாவது மினுக்குவோம் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். (ஆம், தடவினேன். சிரித்து முடியுங்கள்.) கண்ணாடி அறையில் தேநீர் வைத்தோம். அன்று பார்த்து டென்மார்க்கில் சுட்டெரிக்கும் வெயில். மீன் தலைகள் கிடந்த தொட்டி சூடேறி மணம் கிளம்பியது. நிரோஷனின் அம்மா சேலைத் தலைப்பை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார்.

அப்போது பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வந்தது. நேரே தொட்டியில் ஏறி மண்ணைக் கிளறி, ஒரு மீன் தலையைக் கவ்வி எடுத்து, நிரோஷனின் அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. செடி அத்துடன் சரிந்து விழுந்தது.

சாளினியின் கண்கள் நிறைந்துவிட்டன. என் மகளின் வாழ்க்கையை நானே மீன் தலையோடு புதைத்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நிரோஷனின் அம்மா எழுந்து தொட்டியருகே குந்தினார். கருகிய இலையைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்தார்.

"இதென்ன, எண்ணெயே?"

"ஓம்" என்றேன். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? கோழி எருவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கடை ஊர்ச் செடியளுக்குப் பசளை கூடினால் நஞ்சு, அண்ணை. அதுகள் வறண்ட மண்ணிலை சும்மா கிடந்து வளருறதுகள்." சொல்லும்போதே அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று பயந்தேன். சிரிக்கிறார். "இது குளிருக்குச் சாகேல்லை. திண்டு செத்திருக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாளினியைப் பக்கத்தில் இருத்தினார். "அப்ப என்ரை பிள்ளை இஞ்சை பட்டினி கிடக்கமாட்டான். கலியாணத்தை எப்ப வைப்பம்?"

இப்போது நிரோஷன் எங்கள் ஊர்க்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான். நான் மூன்றாம் முறை கரண்டியைத் தூக்கும்போது, "மாமா, நானும் அந்த ஊர்ச் செடிதான்" என்பான். மேசையே சிரிக்கும். நானும் கரண்டியை இறக்கிவிடுவேன். ஆனால் மனம் கேட்காது. அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு துண்டு மீனாவது வைத்துவிடுவேன். இதுவரை அவனுக்கு இலை கருகவில்லை.