மஸ்கட்டிலிருந்து வந்த சம்மதம்

வெளிநாட்டுக்குச் சல்லிசாகப் பேச வழி இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால், நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். பார்ப்பதற்கு நான் சாதுவான ஆள்தான். ஆனால் கையில் ஒரே ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு, சொந்த அக்காவின் நிச்சயதார்த்தத்தை இரண்டு நிமிடத்தில் கலைத்த பெருமை எனக்கு உண்டு.

அப்போது மைசூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. (பழுது பார்ப்பது என்றால், அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வது.) மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்துக்குள் யாருடைய போன் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். தலைக்கனம் ஏற அது போதாதா?

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதன்பிறகு எங்களைத் தூக்கி நிறுத்தியவர் அம்மாவின் தம்பி பழனி மாமா. மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். அக்காவுக்கு மார்டள்ளி என்ற ஊரில் நல்ல வரன் அமைந்தது. மாமாவுக்கு லீவு அமையவில்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சபையில் வாய்விட்டுச் சம்மதம் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். ஆள் வர முடியாவிட்டால் குரலாவது வரட்டும், ஆனால் வந்தவர்கள் எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அக்கா என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். "அப்பாதான் இல்ல. மாமா வாயால சொல்றதாவது நல்லாக் கேக்கோணும்டா சிவா. வேற எதுவும் வேண்டாம் எனக்கு" என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

"நானே இங்கிருந்து கூப்பிடறேன்டா, ஆனது ஆகட்டும்" என்றார் மாமா. நான் விடவில்லை. அவ்வளவு செலவழித்துப் பேசுகிறவன் விவரமில்லாதவன் என்பது என் அப்போதைய கொள்கை. மாமா இருந்த இடத்தில் நெட் வழிப் பேச்சு எடுபடவில்லை. ஆனால் நான் தேடிப்பிடித்த ஆப்பில் நெட் என் பக்கம் மட்டும் இருந்தால் போதும். அவருக்குச் சாதாரண அழைப்பாகவே போய்ச் சேரும். ஏறக்குறைய இலவசம். "நீங்க சும்மா இருங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அதில் ஒரே ஒரு குறை. நாம் பேசுவது அங்கே போய், பதில் இங்கே வந்து சேரப் பத்து நொடி ஆகும். ஒரு வாரம் பழகியதில் நானும் மாமாவும் தேறிவிட்டோம். ஒன்று சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு, அடுத்ததைச் சொல்வோம். இதைச் சபையிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்றுதான் வெகுநாள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய். சொன்னால் என் மவுசு குறைந்துவிடும் என்று மறைத்தேன்.

நிச்சயத்தன்று மாடியில் எங்கள் ஹாலில் மாப்பிள்ளை வீட்டார் பதினான்கு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா உள்ளறையில். நான் நண்பனிடம் இரவல் வாங்கிய பெரிய ஸ்பீக்கரைப் போனோடு இணைத்து நடுவில் வைத்தேன். (சந்துமுனைப் பூக்காரர் வரைக்கும் கேட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.) மாமா "வணக்கமுங்க" என்றதும் சபையே நிமிர்ந்தது. நானும் நிமிர்ந்தேன்.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏனுங்க, பொண்ணக் குடுக்க உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?"

சத்தமில்லை. அவர் கொஞ்சம் பொறுத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்க மேல ஏதாச்சும் மனக்குறை இருக்குதுங்களா?"

ஸ்பீக்கர் முழங்கியது. "ஆமாங்க! முழு மனசோட சொல்றேனுங்க!"

பெரியப்பாவின் முகம் சுருங்கிப்போனது. "அப்ப, எங்க குடும்பத்து மேல உங்களுக்கு மரியாதையே இல்லீங்களா?"

"இல்லீங்க. துளிகூட இல்லீங்க."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நடந்ததை விளக்க எத்தனையோ நல்ல வாக்கியங்கள் தமிழில் உண்டு. பதற்றத்தில் என் வாயில் வந்தது ஒன்றுதான். "பத்து எண்ணுங்க! பத்து எண்ணுங்க!" என்று கத்தினேன்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "பத்து எண்ணறதுக்குள்ள நாங்க எடத்தக் காலி பண்ணோணுங்களா தம்பி?" பிறகு ஸ்பீக்கரைப் பார்த்து, "ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. நாங்க எந்திரிச்சுப் போயிரட்டுங்களா?"

"தாராளமா" என்றது மாமாவின் குரல். அத்தோடு லைன் அறுந்துவிட்டது.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. கொண்டுவந்த தட்டைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு வரிசையாகப் படியிறங்கினார்கள். மாப்பிள்ளை கடைசியாகப் போனார், உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டே. கீழ்வீட்டு ஆன்ட்டி வெளியே வந்து, "ஏனாயித்து சிவா, இஷ்டு பேகா?" என்று கன்னடத்தில் கேட்டார். என்ன ஆச்சு, இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா என்று. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிடம் நான் செத்துப்போயிருக்கலாம் என்று உண்மையாகவே நினைத்தேன்.

அப்போது சமையலறை மேடையில் அம்மாவின் பட்டன் போன் அடித்தது. மாமா. ஆப் இல்லாமல், அவர் காசில், நேராக. உள்ளறையிலிருந்து அக்கா வந்தாள். கூப்பிடாமல் பெண் சபைக்கு வரக் கூடாது என்பதெல்லாம் அப்போது யாருக்கும் நினைவில்லை. போனை எடுத்தாள், பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் ஓடினாள். சந்தில் வேனில் ஏறப்போன பெரியப்பாவின் முன்னால் போய் நின்று, போனை அவர் காதில் வைத்துவிட்டாள்.

பெரியப்பா கேட்டுக்கொண்டே நின்றார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. "மரியாதை தாராளமா இருக்குதுங்கன்னு சொல்ல வந்தாராமா" என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு அக்காவிடம், "நான் கேட்டுட்டேன் கண்ணு. சபைக்கும் கேக்கோணுமல்லோ?" என்றார்.

அந்தப் பட்டன் போனில் ஸ்பீக்கர் வேலை செய்யாது. அதனால் நடுச்சந்தில், முன்னும் பின்னும் ஸ்கூட்டர்கள் ஹாரன் அடிக்க, போன் ஒவ்வொரு காதாகப் போனது. பதினான்கு பேர். பதினான்கு முறையும் மாமா, "எம் பொண்ணக் குடுக்க எனக்குச் சம்மதமுங்க" என்றார். "கேட்டுதுங்க, கேட்டுதுங்க" என்று ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். ஆறாவது ஆளிடம் சொல்லும்போதே மாமா அழ ஆரம்பித்துவிட்டாராம். கடைசியில் போன் அக்காவிடம் வந்தது. அவள் காதோடு வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எல்லோரும் மறுபடி மாடியேறினார்கள். ஸ்பீக்கரை அதற்குள் நான் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

இன்றைக்கும் மார்டள்ளியில் விருந்து முடிந்து நான் "கிளம்பட்டுங்களா?" என்று கேட்டால், வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே குரலில் "தாராளமா" என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை.

போன மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், குழந்தை என் மடியில். முன்வரிசையில் லீவில் வந்திருந்த பழனி மாமா. ஆசாரி ஊசியை எடுக்கும்போது பெரியப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறுங்க. நாளைக்குப் பாப்பாவுக்குக் கல்யாணம்னு வர்றப்ப இந்தத் தாய்மாமன் எந்த நாட்டுல இருப்பாரோ, எந்தப் போன்ல பேசுவாரோ. சம்மதத்த இப்பவே வாங்கி வச்சுக்கலாமுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சபை மொத்தமும் காத்திருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தையின் கல்யாணத்துக்கு என் பூரண சம்மதத்தை நான் சொன்னேன், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல்.