ஆண்டியப்பன் வாங்கிய தடிக் கம்பி

திருமயம் கோட்டைக்குத் தெற்கே மாவு மில் வைத்திருந்த ஆண்டியப்பன், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெரிய தீர்மானம் ஒன்றுக்கு வந்தார். இனி அவருடைய மில்லில் பீஸ் போகக் கூடாது. என்றைக்குமே போகக் கூடாது. அவரோ ஒரு மில்லுக்கு முதலாளி. பீஸோ நூலளவு கம்பி. யார் பெரியவர் என்று பார்த்துவிட வேண்டியதுதான்.

பீஸ் அப்போதுதான் போயிருந்தது.

மில் சுவரில் மூன்று பீங்கான் கட்டைகள் இருந்தன. மூன்று லைனில் வரும் கரண்டுக்கு மூன்று கட்டை. ஒவ்வொரு கட்டைக்குள்ளும் ஒரு மெல்லிய கம்பி. தினமும் காலையில் ஆண்டியப்பன் ஸ்டார்ட்டர் கைப்பிடியைத் தள்ளியதும், மாமனார் வீட்டு விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளையைப் போல மோட்டார் எழுந்திருக்க மனமில்லாமல் முனகும். உடனே 'படார்'. மூன்று கம்பியும் போய்விடும்.

அன்றைக்கு நடந்தது வேறு. ஒரு கம்பி மட்டும் போயிற்று. மற்ற இரண்டும் பிடித்துக்கொண்டன. மோட்டார் நிற்கவும் இல்லை, ஒழுங்காக ஓடவும் இல்லை. ஈனப்போகும் எருமை மாதிரி கத்தியது. கருகல் வாடை வந்தது. அடுக்களையிலிருந்து அகப்பையோடு ஓடி வந்த அவர் மனைவி உண்ணாமலை, மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டாள்.

"சத்தம் மாறுச்சே, ஒங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு. ஓடுதேன்னு பேசாம இருந்தேன்."

"ஓடலைங்க, முக்குது. முக்காலியிலே ஒரு காலு ஒடிஞ்சா அதுமேல உக்காந்திருப்பீங்களா?"

அவள் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டாள். அவளுக்குப் பதறாதா? அவளுடைய அண்ணன் அழகுமலை யுத்தத்துக்கு முன்னால் மதராஸிலிருந்து வாங்கி அனுப்பிய மோட்டார் அது. இப்போது யுத்தம் நடக்கிறது. உள்ளே இருக்கும் சுருள் கருகினால், திரும்பச் சுற்றக் கம்பி கிடையாது. வேறு மோட்டாரும் கிடையாது. மில்லைப் பூட்டிவிட்டுக் கோட்டை மதிலை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"எல்லாத்துக்கும் காரணம் கம்பி மெல்லிசு" என்றார் ஆண்டியப்பன்.

"அப்படின்னா காலையிலே மட்டும் ஏன் போகுது? மத்தியானம் நீங்க தூங்கி எந்திரிச்சு ஓட்டுறப்ப இதே கம்பிதானே இருக்கு? ஒருநாளும் போகலையே?"

ஆண்டியப்பனிடம் எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு.

"காலையிலே கரண்டு பசியோட வரும்."

உண்ணாமலை கேள்வியை விடவில்லை. மில்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தானியம் கொட்டும் மேல்தொட்டியை எட்டிப் பார்த்தாள். தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. வெறும் கல் சுற்றினால் வீட்டுக்கு ஆகாது. அம்மிக்கும் உரலுக்கும் உள்ள அந்த விதியை ஆண்டியப்பன் மில்லுக்கும் வைத்திருந்தார். ஆகவே தினமும் காலையில் தொட்டியைக் கோபுரமாக நிரப்பிய பிறகுதான் கைப்பிடியைத் தொடுவார். அதற்குள் கல்லுக்கு வயிறு முட்டிவிடும்.

அன்று பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனவர், ஒரு பழைய சாமான் கடையில் சண்டை போட்டுச் செம்புக் கம்பிச் சுருள் ஒன்றை வாங்கி வந்தார். முருங்கைக்காய்க் காம்பு தடிமன். "பந்தல் போடவா?" என்று கடைக்காரர் கேட்டாராம். அதையும் ஒரு பெருமையாகவே வந்து சொன்னார்.

"இது போகவே போகாது. இடி விழுந்தாலும் போகாது."

"அப்ப எதுங்க போகும்?"

"எதுவுமே போகாது."

"அதெப்படி? காவக்காரன் கத்துறான்னு அவன் வாயைக் கட்டினா நல்லாத் தூங்கலாம். விடிஞ்சு பாத்தா வீடு இருக்குமா? கம்பி போகலேன்னா மோட்டாரு போயிரும்."

"ஒனக்கென்ன தெரியும்? நீ வாக்கப்பட்டு வந்தப்ப அரிக்கேன் விளக்கைத் தவிர வேற என்ன கண்டே?"

"நீங்க கண்டீங்களாக்கும்! கரண்டு வந்த அன்னைக்கு பல்பை ஊதி அணைக்கப் பாத்தது யாரு?"

அரிசி மூட்டையோடு வாசலில் நின்ற காத்தாயி சிரித்த சிரிப்பில், தலையில் இருந்த மூட்டை ஆடியது. பக்கத்துத் தெருக்காரி. உலகத்துச் செய்தியெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் திருமயத்துக்குள் நுழையும். அவள் எதிரில் ஆண்டியப்பன் விட்டுக்கொடுக்க முடியுமா?

"இந்தா, காத்தாயி சாட்சி! தீபாவளி வரைக்கும் இந்த மில்லு எந்தக் கம்பியிலே ஓடுதோ, அந்தக் கம்பிக்காரங்க கையிலேதான் இனிமே மில்லுச் சாவி. என் தடிக் கம்பியா, ஒன் மெல்லிசுக் கம்பியா, பாத்துருவோம்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"ஆம்பளை பேச்சு!"

"காத்தாயி, கேட்டுக்க" என்றாள் உண்ணாமலை.

"கேட்டுக்கிட்டேன் மதினி. அண்ணே, ஒரு தடவை மறுபடியும் சொல்லிருங்க, தெருவிலே போயிச் சரியாச் சொல்லணும்ல!"

அண்ணன் இன்னொரு தடவையும் சொன்னார்.

தடிக் கம்பியைத் தன் கையாலேயே மூன்று கட்டையிலும் முறுக்கிக் கட்டினார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல மில்லுக்குள்ளேயே கோணிப்பை மேல் படுத்து, குறட்டையில் மோட்டாரைவிடப் பலமாக ஓடினார்.

மறுநாள் காலை உண்ணாமலை மிகவும் பணிவாக வந்து நின்றாள்.

"தீபாவளிக் கூட்டம் வருது. இனிமே தொட்டியை நான் நெரப்பிடுறேன். நீங்க சூடம் காட்டிட்டுக் கைப்பிடியை மட்டும் தள்ளுங்க. கைராசி ஒங்களுதுதானே?"

ஆண்டியப்பனுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. சூடம் காட்டினார். "முருகா!" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பிடியைத் தள்ளினார். மோட்டார் பூப்போல எழுந்தது. படார் இல்லை, முக்கல் இல்லை, முனகல் இல்லை.

அன்று முதல் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடைவீதியில் போகிறவரை எல்லாம் நிறுத்திக் கம்பியின் தடிமனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எண்ணெய்ச் செக்குக்கு மோட்டார் போட்டிருந்த உடையப்பன், "எனக்கும் கொஞ்சம் கம்பி குடேன்" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து தேடினால் மிச்சச் சுருளைக் காணோம்.

"பத்திரமா இருக்கு" என்றாள் உண்ணாமலை. "யுத்த காலம். யாருக்கும் குடுக்காதீங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இன்னொரு விஷயம்தான் அவருக்கு விளங்கவில்லை. மழை தூறி விட்டதிலிருந்து, துவைத்துக் காயப்போடும் வேட்டியின் நடுவில் பச்சையாக ஒரு கோடு விழுந்தது. வேப்பிலைச் சாறாக இருக்கும் என்று மரத்தை அண்ணாந்து பார்த்தார். மரம் ஒன்றும் சொல்லவில்லை. கொல்லையில் உண்ணாமலை புதிதாகக் கட்டியிருந்த கொடியைச் சுண்டிப் பார்த்து, "நல்ல பலமான கொடி" என்று மெச்சிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு முந்தைய நாள் காலை. மில் வாசலில் முறுக்கு மாவுக்குக் கூட்டம். அந்த நேரம் பார்த்துக் கரண்டு ஆபீஸ் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஒரு மில்லுல பீஸுக்குத் தடிக் கம்பியைப் போட்டு, மோட்டாரும் கருகிக் கூரையும் எரிஞ்சு போச்சு. எல்லா மில்லையும் தெறந்து பாக்கச் சொல்லி உத்தரவு. தடிக் கம்பி இருந்தா லைனை வெட்டிட்டுத்தான் போவேன்."

ஆண்டியப்பன் நழுவி நழுவிப் போய்ப் பீங்கான் கட்டைகளில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"அய்யா மொதல்ல மோர் சாப்பிடுங்க."

"மோர் வேணாம். நகருங்க."

"எளநி?"

"நகருங்கன்னேன்."

"கட்டைக்குள்ளே குளவி இருக்குதுங்க. கொட்டினா மூணு நாளைக்கு வீங்கும்."

"குளவியுமில்லை, ஒண்ணுமில்லைங்க" என்று உண்ணாமலை உள்ளே வந்தாள். "மெயினை எறக்கிட்டேன். நல்லாத் தெறந்து பாருங்க."

ஆண்டியப்பன் முருகனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முதல் கட்டை கழலும் சத்தம் கேட்டது. இரண்டாவது. மூன்றாவது.

"பலே!" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த மோட்டாருக்கு ஏத்த கம்பி. மூணும் ஒரே கனம். இழுத்து முறுக்காமக் கட்டியிருக்கு. யார் வேலை இது?"

உண்ணாமலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாம் அவுகதாங்க" என்றாள்.

கண்ணைத் திறந்த ஆண்டியப்பன், நூல் மாதிரி மின்னிய மூன்று கம்பிகளையும் பார்த்தார். அவர் திட்டித் தீர்த்த அதே மெல்லிசுக் கம்பி. இன்ஸ்பெக்டர் கை குலுக்கினார். ஆண்டியப்பன் குலுங்கினார்.

சைக்கிள் மறைந்ததும் கேட்டார்.

"எப்ப மாத்தினே?"

"மொத நாளு மத்தியானமே. நீங்க கோணி மேல ஓடிக்கிட்டிருந்தப்ப."

"அப்புறம் எப்படி ஒரு தடவைகூடப் போகலே?"

"கல்லு வெறுமனே சுத்தக் கூடாது, அவ்வளவுதானே ஒங்களுக்கு? ஒரு பிடி அரிசி போட்டேன். தொட்டியை நெரப்பினேன், தானியம் எறங்குற அடிப்பலகையை மட்டும் அடைச்சு வச்சிருந்தேன். மோட்டாரு ஓட்டம் பிடிச்சப்புறம் தெறந்துவிட்டேன். முழுச் சொமையையும் முதுகுல ஏத்திட்டு எந்திரின்னா மாடுகூட எந்திரிக்காது. மத்தியானம் கல்லுல வெறும் மிச்சம்தான் கெடக்கும், அதான் அப்ப போகலே. நீங்க கண்ணை மூடாம இருந்திருந்தா ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"அண்ணே," என்று கூட்டத்துக்குள்ளிருந்து காத்தாயி குரல் கொடுத்தாள், "எந்தக் கம்பியிலே ஓடுதோ அந்தக் கம்பிக்காரங்க கையிலேன்னு யாரோ சொன்ன ஞாபகம்."

அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்க ஆண்டியப்பனுக்கு நெடுநேரம் பிடித்தது. கொடுத்துவிட்டு, கௌரவம் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று குரலை உயர்த்திக் கேட்டார்.

"சாவி போகட்டும். சண்டை போட்டு வாங்கின என் செம்புக் கம்பி எங்கே?"

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே, உண்ணாமலை அவர் வேட்டியிலிருந்த பச்சைக் களிம்புக் கோட்டைப் பார்த்தாள்.

"அதுலதானே தெனம் வேட்டியைக் காயப் போடுறீங்க? நல்ல பலமான கொடின்னு நீங்கதானே சொன்னீங்க!"